ஒரு சட்டம் இரவல்

வாசலில் நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. பூச்சிகள் போகின்றன, வருகின்றன. சிலவற்றின் பின்னங்காலில் மகரந்தம்கூட ஒட்டியிருக்கிறது. ஆலங்குடிப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில், இரும்புத் தாங்கியின் மேல், எறும்பு ஏறாமலிருக்க அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்த ஒரு தேனீப் பெட்டி, ராணி செத்து மூன்று வாரம் ஆன பிறகும் வழியில் போகிறவருக்கு நல்ல பெட்டியாகவே தோன்றும். மூடியைத் திறந்து, புழு அறையின் நடுச்சட்டத்தை இரண்டு கையாலும் மெல்லத் தூக்கி, முதுகை வெயிலுக்குக் காட்டி நின்று, வெளிச்சம் தோளுக்கு மேலாக விழுந்து அறைகளின் அடிவரை இறங்கும்படி அடையைச் சாய்த்துப் பிடித்தால்தான் விஷயம் வெளியே வரும்.

நல்ல பெட்டியில் ஓர் அறைக்கு ஒரு முட்டை. வெள்ளையாக, ஒன்றரை மில்லிமீட்டர் இருக்குமோ என்னவோ, அறையின் அடித்தரையில் நட்டநடுவில் நின்றுகொண்டிருக்கும். ராணிக்கு வயிறு நீளம். அறைக்குள் விட்டால் அடியைத் தொடும். இந்த அடையில் அந்த ஒழுங்கு இல்லை. ஓர் அறையில் மூன்று முட்டை, பக்கத்தில் ஆறு, அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை. பாதி முட்டைகள் அடிக்குப் போகவே இல்லை. சாய்ந்தும் படுத்தும் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றிரண்டு, மகரந்தம் சேமித்த அறையில் அந்த மகரந்தத்தின் மேலேயே கிடக்கின்றன. இட்டவளுக்கு அவ்வளவுதான் எட்டியது. சற்றுக் கீழே, பணித் தேனீக்கென்று கட்டிய சின்ன அறைகளில் ஆண் புழுக்கள் வளர்ந்து, இடம் போதாமல் மூடியை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கின்றன. இந்தியத் தேனீயின் ஆண் அறை மூடியில் உச்சியில் ஒரு நுண்துளை இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே வேண்டியதில்லை. பணித் தேனீக்கள் முட்டையிடத் தொடங்கிவிட்டன.

குமரி மாவட்டத்திலிருந்து வந்து எங்கள் பக்கத்தில் பெட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் இப்படியொரு சட்டத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒருமுறை பார்த்தார்.

“ராணி இல்லையா அண்ணாச்சி?”

“இல்லாம இருந்தா நல்லதுல்லா சார். ராணி இல்லன்னு தெரிஞ்ச பெட்டிக்கு ராணி குடுக்கலாம். இது, இருக்குன்னு நெனச்சிட்டு இருக்கு.”

இந்தக் கோளாறின் மருத்துவம் முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது. ராணியை நேற்று இழந்த கூட்டம் தவிக்கும். மூடியைத் திறந்தால் ஒரு முனகல் ஓசை எழுந்து அடங்காமல் நீளும். புது ராணியையோ ராணி அறையையோ வைத்தால் ஏற்றுக்கொள்ளும். பணித் தேனீக்கள் முட்டையிடத் தொடங்கிய கூட்டம் தவிப்பதில்லை. அதற்குக் குறை எதுவும் தெரியவில்லை. முட்டையிடும் பணித் தேனீக்களில் சில, ராணியின் மணத்தை ஒத்த ஒன்றை வெளிவிடவும் செய்கின்றன. அந்த நேரத்தில் நாம் எங்கிருந்தோ ஒரு ராணியைக் கூண்டில் அடைத்துக் கொண்டுவந்து வைத்தால், கூண்டைச் சுற்றிப் பந்துபோல் மொய்த்து, கம்பியைக் கடித்து, திறந்துவிட்டதும் கொன்று வாசலில் தள்ளிவிடும். புதியவர்கள் பெட்டியைக் கைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பணித் தேனீ மலடு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது பாதி உண்மை. அதுவும் பெண்தான், அதற்கும் சினைப்பை உண்டு. ராணியின் சினைப்பை ஒவ்வொன்றிலும் முட்டை உருவாகும் குழல்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். பணித் தேனீக்குச் சொற்பம். அவையும் சுருங்கிக் கிடக்கும். கிடக்கின்றனவே தவிர செத்துப்போகவில்லை. சூழ்நிலை மாறினால் விழித்துக்கொள்ளும். ஆனால் பணித் தேனீ ஆண் தேனீயோடு கூடுவதில்லை. ஆகவே அது இடுவதெல்லாம் கருவுறாத முட்டை. கருவுறாத தேனீ முட்டையிலிருந்து ஆண் மட்டுமே பிறக்கும் என்பதை 1845-இல் சிலேசியாவைச் சேர்ந்த யான் ஜியர்சோன் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் எழுதினார். அப்பன் இல்லாமல் பிள்ளை பிறக்கும் என்று ஒரு பாதிரியாரே சொன்னது அன்றைக்குச் சின்னச் சண்டையைக் கிளப்பவில்லை.

அவருக்கு அரை நூற்றாண்டு முந்தைய கதை எனக்கு இன்னும் பிடிக்கும். ஜெனீவாவில் பிரான்சுவா ஊபர் என்பவர் இருந்தார். இளமையிலேயே பார்வை போனவர். கேள்விகளை அவர் கேட்பார்; பார்த்துச் சொல்பவர் அவருடைய வேலையாள் பர்னன்ஸ். பணித் தேனீ முட்டையிடும் என்று ஒருவர் எழுதியிருந்ததைச் சோதிக்க நினைத்தார்கள். முட்டையிடுபவை தோற்றத்தில் வேறுபட்ட தனி வகையா, சாதாரணப் பணித் தேனீயா என்பது கேள்வி. இரண்டு பெட்டிகளில் இருந்த தேனீக்களை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, கொடுக்கும் நாக்கும் பின்னங்காலும் பார்த்து, எடுத்துவைக்கத் தொடங்கினார் பர்னன்ஸ். பதினோரு நாள் ஆயிற்று. கண்ணுக்கு ஓய்வு தேவைப்பட்ட நேரம் தவிர வேறு ஓய்வு எடுக்கவில்லை என்று ஊபரே எழுதியிருக்கிறார். கொட்டு எத்தனை வாங்கினாரோ. முடிவில் தெரிந்தது, முட்டையிடுபவை தனி இனம் அல்ல. எல்லாரையும்போல மகரந்தம் சுமக்கும் கூடையும் நீண்ட நாக்கும் உள்ள சாதாரணப் பூச்சிகள்தான். ஊபரின் புத்தகம் 1792-இல் வந்தது. இன்றைக்கும் தேனீ பற்றிய எந்த நூலைத் திறந்தாலும் ஊபர் இருப்பார். பர்னன்ஸைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நம் ஊரிலும் பெட்டி யார் பெயரில் இருக்கிறது, அதை வாராவாரம் திறந்து பார்ப்பது யார் என்று விசாரித்தால் இதே கதைதான்.

அப்படியானால், ராணி இருக்கும்வரை இவர்கள் ஏன் முட்டையிடுவதில்லை? 1950-களில் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் காலின் பட்லர் ஒரு பதில் சொன்னார். ராணியின் தாடைச் சுரப்பியிலிருந்து ஒரு பொருள் வருகிறது. சுற்றியிருக்கும் பணித் தேனீக்கள் அதை நக்கி எடுத்து, வாய்க்கு வாய் கூட்டம் முழுவதற்கும் கடத்துகின்றன. அது கிடைக்கும்வரை யாருக்கும் சினைப்பை விழிப்பதில்லை. கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! அரண்மனையிலிருந்து ஓர் உத்தரவு கிளம்புகிறது, குடிமக்கள் அடங்கி நடக்கிறார்கள். இந்தக் கதை ஆயிரம் மேடைகளில் ஆயிரம் விதமாகச் சொல்லப்பட்டுவிட்டது.

பிறகு வந்த சோதனைகள் கதையைக் கொஞ்சம் நகர்த்தின. ராணியை எடுத்துவிட்டு, மூடப்படாத அறைகளில் இருக்கும் புழுக்களை மட்டும் விட்டுவைத்துப் பார்த்தார்கள். புழு இருக்கும்வரை பணித் தேனீக்கள் பெரும்பாலும் அடங்கியே இருந்தன. புழுவெல்லாம் வளர்ந்து, அறைகள் மூடப்பட்டு, ஊட்டுவதற்கு வாய் ஒன்றும் இல்லாமல் போனபோதுதான் சினைப்பைகள் பெருக்கத் தொடங்கின. 2009-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான மணங்களில் ஒன்றை இனங்கண்டார்கள். பீட்டா-ஓசிமீன் என்று பெயர். இளம் புழுக்கள் அதைக் காற்றில் விடுகின்றன. திருநீற்றுப்பச்சிலையின் வாசனையிலும் இருக்கும் பொருள்தான் அது. ஆய்வுகள் ஐரோப்பியத் தேனீயில் நடந்தவை; ஆனால் கையில் சட்டத்தோடு நிற்கும் எவருக்கும் இது புதுச் செய்தி இல்லை. இந்தக் கோளாறுக்கு ராணியைவிடப் புழு நல்ல மருந்து என்பதைப் பெட்டிக்காரர்கள் வெகுகாலமாக அறிவார்கள்.

எனக்கு இது சாதாரணத் தகவலாகத் தோன்றவில்லை. கூட்டைக் கட்டிப்போட்டிருப்பது மேலே இருப்பவளின் அதிகாரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். கீழே, மெழுகு அறையின் அடியில், கண்ணும் காலும் இல்லாமல் பசியோடு கிடக்கும் புழுக்கள் அந்த வேலையில் பெரும்பங்கைச் செய்துகொண்டிருந்திருக்கின்றன. ராணி செத்தது ஓர் இழப்பு. ஊட்டுவதற்குப் புழு இல்லாமல் போவது வேறு வகை இழப்பு. கூட்டத்தின் குணம் மாறுவது இந்த இரண்டாவதில்.

புதுக்கோட்டைக்காரனுக்கு இந்த இடத்தில் சமஸ்தானத்து நினைப்பு வராமல் இருக்காது. புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் மெல்போர்னில் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். அந்த மணத்தைப் பிரிட்டிஷ் அரசு ஏற்கவில்லை. பிறந்த மகனுக்குப் பட்டம் இல்லை என்று ஆயிற்று. ராஜா வெளிநாட்டிலேயே தங்கிவிட்டார். 1928-இல் அவர் இறந்தபின், ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானைத் தேர்ந்தெடுத்துப் பட்டம் கட்டினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் இங்கே ராஜா இல்லை. ஆனால் வரி வசூலானது, கச்சேரி நடந்தது, ஊர் ஊராகவே இருந்தது. 1948-இல் சமஸ்தானமே சென்னை மாகாணத்தோடு கலந்தது. அப்போதும் மறுநாள் காலையில் ஏர் பூட்டத்தான் செய்தார்கள். மனிதர்கள் ராஜா இல்லாமல் பிழைத்துக்கொள்வார்கள். தேனீக்கும் அப்படித்தான் என்று வாசலில் நிற்பவர் நினைத்தால் அதில் தப்பில்லை. மூன்று வாரத்துக்கு அவர் நினைப்பது சரியாகவும் இருக்கும்.

அதற்கப்புறம் கணக்கு கைமீறும். இந்தியத் தேனீயில் முட்டையிலிருந்து பணித் தேனீ வெளிவர ஏறக்குறைய இருபது நாள். ராணி சாகும் நாளில் கடைசியாக இட்ட முட்டை இருபதாம் நாள் பூச்சியாகும். வேலைக்காலத்தில் ஒரு பணித் தேனீயின் ஆயுள் ஆறு வாரம். ஆக, ராணி போன கூட்டத்துக்கு மொத்தம் இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் ஐரோப்பியத் தேனீக்கும் நம்முடையதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஐரோப்பியத் தேனீ மூன்று நான்கு வாரம் பொறுத்துத்தான் முட்டையிடத் தொடங்கும். நம் பூச்சிக்குப் பொறுமை குறைவு. ராணி இருக்கும்போதே ஒருசில பணித் தேனீக்களின் சினைப்பை தயாராக இருக்கும். அவை முட்டை இட்டாலும் மற்றவை கண்டுபிடித்துத் தின்றுவிடும். 1989-இல் ரட்னீக்ஸும் விஷ்ஷரும் ஐரோப்பியத் தேனீயில் இந்தக் காவலை விளக்கினார்கள். ராணி போனால் காவலும் தளர்கிறது. நம் பெட்டியில் ஒன்றிரண்டு வாரத்திலேயே அறைக்கு ஆறு முட்டை என்ற நிலை வந்துவிடும். அயல்நாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு மாதம் ஒருமுறை பெட்டி திறப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் நடக்கிறது. தாய்லாந்தில் நடந்த ஆய்வுகளில், ராணி இல்லாத கொம்புத் தேனீக் கூட்டுக்குள்ளும் இந்தியத் தேனீக் கூட்டுக்குள்ளும் பக்கத்துக் கூட்டுப் பணித் தேனீக்கள் புகுந்து முட்டையிடுவது தெரியவந்தது. சொந்த வீட்டில் காவல் கடுமை. காவல் இல்லாத வீட்டில் இட்டுவிட்டு வரலாம். தென்னாப்பிரிக்காவின் கேப் தேனீ இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயிருக்கிறது. அதன் பணித் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து பெண்ணையே பிறப்பிக்கும். 1990 வாக்கில் பெட்டிக்காரர்கள் அதை வடக்கே கொண்டுபோய் வைத்ததும், அங்கிருந்த வேறு வகைத் தேனீயின் பெட்டிகளுக்குள் அது புகுந்து, உட்கார்ந்து தின்று, முட்டையிட்டு, பெட்டி பெட்டியாக அழித்தது. பூச்சி சுறுசுறுப்புக்கு உதாரணம் என்று பாடம் நடத்துபவர்கள் கேப் தேனீயைப் பற்றிப் பேசுவதில்லை.

நம் பெட்டியில் பிறக்கும் ஆண்களுக்கு வருவோம். பெட்டிக்காரருக்கு அவை தண்டம்: தேன் தின்னும், தேன் கொண்டுவராது. கூட்டத்தின் கணக்கு வேறு. அந்த ஆண்களால் இனப்பெருக்கம் செய்ய முடியும். அவை வெளியே பறந்து, வேறேதோ ஒரு கூட்டின் இளம் ராணியோடு வானில் கூடும். இந்தியத் தேனீயின் ராணி ஒன்று பத்துப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட ஆண்களோடு கூடுகிறது. அரிமளம், மரமடக்கி பக்கத்துக் கோயில்காடுகளில் காயாவும் வீரையும் பாலையும் இன்னும் நெருங்கி நிற்கும் இடங்களில், ஏதாவது ஒரு மரப்பொந்துக் கூட்டில் இருந்து கிளம்பும் ராணிக்கு அந்த ஆண்களில் ஒருவன் போய்ச் சேரலாம். வாரிசு இல்லாமல் அழியப்போகும் குடும்பம் தன்னிடம் மிஞ்சியதை எல்லாம் போட்டு மகன்களை வளர்த்து ஊருக்கு அனுப்புகிறது. “கெட்டுப்போன பெட்டி” என்பது பெட்டிக்காரரின் தீர்ப்பு. தேன் வேண்டியிருப்பது நமக்கு.

ராணி எப்படிப் போகிறது என்றால், பாதி நேரம் நம் கையாலேயே. சட்டத்தை அவசரமாக இறக்கி நசுக்குகிறோம். மீதி, புது ராணி கூடப் பறக்கும்போது. அறையை விட்டு வெளிவந்து ஒரு வாரம் பத்து நாளுக்குள், நல்ல வெயில் உள்ள பிற்பகலில் அது பறந்தாக வேண்டும். ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் போகும் சாலையோர மின்கம்பிகளைப் பாருங்கள்: பச்சைப் பஞ்சுருட்டான் வரிசையாக உட்கார்ந்திருக்கும், கரிச்சான் தனியாக. அவற்றுக்கு ராணி என்றும் வேலைக்காரி என்றும் பேதம் கிடையாது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மாட்டிக்கொண்ட ராணி பறக்கவே முடியாமல் மூன்று நான்கு வாரம் கடந்துவிட்டால், பிறகு கூடாமலே முட்டையிடத் தொடங்கும். அதுவும் ஆண் முட்டைதான். ஆனால் அறைக்கு ஒன்று, அடியில், ஒழுங்காக இருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தப் பெட்டியில் வேண்டாத ராணியைத் தேடி எடுத்தால் வேலை முடிந்தது. பணித் தேனீ முட்டையிடும் பெட்டியில் தேடி எடுக்க ஆள் இல்லை. பர்னன்ஸைப்போல் பதினோரு நாள் உட்கார்ந்தாலும் எதைப் பிடிப்பது?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது இந்தப் பக்கத்தில் லட்சக்கணக்கான தென்னை விழுந்தன. நூறு வயதுப் பலாக்கள் வேரோடு சாய்ந்தன. தென்னையின் இழப்பைக் கணக்கெடுத்தார்கள், நிவாரணம் கொடுத்தார்கள். வருஷம் முழுக்கப் பாளை விரித்துப் பூச்சிக்குச் சோறு போட்ட மரங்கள் அவை என்பதும், விழுந்த பழைய மரங்களின் பொந்துகளில் கூடுகள் இருந்தன என்பதும் எந்தப் படிவத்திலும் ஏறவில்லை. பெட்டியில் ராணி தவறினால் காட்டிலிருந்து ஒரு கூட்டம் பிடித்து வரலாம் என்ற பழைய வசதி அதோடு சுருங்கியது.

மருத்துவத்துக்கு வருகிறேன். பெட்டியைத் தூரமாக எடுத்துப்போய், பூச்சிகளை எல்லாம் தரையில் உதறிவிட்டு, வெறும் பெட்டியைப் பழைய இடத்தில் வைத்தால், முட்டையிடுபவை வயிறு கனத்துப் பறக்க முடியாமல் அங்கேயே கிடக்கும், மற்றவை திரும்பிவிடும் என்று ஒரு வழி சொல்வார்கள். நம்பாதீர்கள். முட்டையிடும் பணித் தேனீ பறக்கும். அதிலும் இந்தியத் தேனீயை உதறினால், அது கோபித்துக்கொண்டு கூட்டத்தோடு ஓடிவிடும். மிச்சமிருப்பது மெழுகுப்பூச்சி அரித்த அடைதான்.

கூட்டம் இளைத்து, ஒன்றிரண்டு சட்டத்துக்குத்தான் பூச்சி இருக்கிறது என்றால், ராணியுள்ள வலுவான பெட்டியோடு சேர்த்துவிடுவதே நியாயம். சாயங்காலம், பூச்சியெல்லாம் அடைந்தபின், வலுவான பெட்டியின் புழு அறை மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, ஆணியால் நாலைந்து துளை குத்தி, சர்க்கரைத் தண்ணீர் லேசாகத் தெளித்து, அதன்மேல் இளைத்த கூட்டத்தின் அறையை வைக்க வேண்டும். காகிதத்தைக் கடித்து முடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் இரண்டு வீட்டு வாசனையும் கலந்துவிடும். துகள்துகளாக எழுத்துகள் வாசலில் வந்து விழுவதைப் பார்க்கலாம். தலையங்கம் முதலில் வந்ததாக நண்பர் ஒருவர் சத்தியம் செய்கிறார். ஒரு பெட்டி குறைந்ததே என்ற வருத்தம் வரும். கிழட்டுப் பூச்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெட்டியைக் காப்பாற்றுவதாகப் பாவனை செய்வதைவிட அது மேல்.

நாலைந்து சட்டம் நிறையப் பூச்சி இருந்தால் புழுவைக் கொடுத்துப் பார்க்கலாம். நல்ல பெட்டியிலிருந்து முட்டையும் திறந்த புழுவும் உள்ள ஒரு சட்டம். ஐந்தாறு நாள் கழித்து இன்னொன்று. தேவைப்பட்டால் மூன்றாவது. முதல் சட்டத்தில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. புழுவுக்கு ஊட்டுவார்கள், அவ்வளவுதான். இரண்டாவதிலோ மூன்றாவதிலோ ஒருநாள் அடையின் விளிம்பில் கீழ்நோக்கித் தொங்கும் ராணி அறை ஒன்று கட்டத் தொடங்கியிருக்கும். புழுவின் மணம் வேலை செய்துவிட்டது. தங்களுக்கு ராணி இல்லை என்பது இப்போதுதான் கூட்டத்துக்குத் தெரிகிறது. நல்ல ராணி அறையையோ கூண்டில் ராணியையோ அந்த நேரத்தில் கொடுத்தால் ஏற்பார்கள். இல்லாவிட்டால் அவர்களே வளர்த்துக்கொள்ளட்டும்: இளம்புழு ராணியாக வெளிவரப் பதினோரு பன்னிரண்டு நாள், முதிர்ந்து பறந்து கூட ஒரு வாரம் பத்து நாள், முட்டை தொடங்க மேலும் இரண்டு மூன்று நாள், முதல் பணித் தேனீ பிறக்க இருபது நாள். நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது. பழைய பூச்சிகள் அதுவரை தாங்காது. இரவல் சட்டங்களில் பிறக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளைகள்தான் இடைவெளியை நிரப்ப வேண்டும்.

“ராணி ஒண்ணு வாங்கி வையேன், எதுக்கு இவ்வளவு பாடு” என்று வீட்டில் கேட்பார்கள். ஐரோப்பியத் தேனீக்கு ராணி வளர்த்து விற்பது உலகம் முழுக்க ஒரு தொழில். இந்தியத் தேனீக்கு எங்கள் பக்கத்தில் அப்படிக் கடை இல்லை. பாதிரியார் நியூட்டன் 1910-இல் இந்தியத் தேனீக்கென்று சிறிய பெட்டி வடிவமைத்து, அடுத்த சில ஆண்டுகள் தென்னிந்தியக் கிராமத்தாருக்குக் கற்றுக்கொடுத்தார். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. மையம் அதைக் குடிசைத் தொழிலாக்கியது. இன்றும் நம் தோப்புகளில் நிற்பது பெரும்பாலும் நியூட்டன் பெட்டிதான். மானியத்தில் பெட்டி கிடைக்கிறது. சில நேரம் பூச்சியோடும் கிடைக்கிறது. ஆறு மாதம் கழித்து ராணி தவறினால் ஒரு ராணியோ ஒரு புழுச்சட்டமோ கொடுக்கும் ஏற்பாடு மட்டும் எந்தத் திட்டத்திலும் என் கண்ணில் படவில்லை. பல தோட்டங்களில் பெட்டிகள் காலியாகி, கோழி முட்டையிடப் பயன்படுகின்றன. அதுவும் ஒருவகையில் முட்டைதான்.

ஆகவே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. வடகாட்டுப் பக்கம் உறவினர் ஒருவரிடம் போய் நின்றேன்.

“மாமா, புழுவோட ஒரு சட்டம் வேணும்.”

“தேன் கேளு மாப்ள, தாரேன். புள்ளயக் கேக்குறியே.”

“பதிலுக்குக் கட்டின அடை ஒண்ணு கொண்டாந்திருக்கேன்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பெட்டியைத் திறந்து, சட்டத்தை எடுத்து, தம்முடைய ராணி அதில் இல்லை என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, ஒட்டியிருந்த பூச்சிகளைப் பெட்டிக்குள்ளேயே உதறிவிட்டுக் கொடுத்தார். ஈரத்துண்டைப் போர்த்தி, வெயில் படாமல் மடியில் வைத்துக்கொண்டு, வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தேன்.

அவர் யோசித்ததில் நியாயம் உண்டு. சட்டத்தோடு நோயும் வீடு மாறும். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இந்தியத் தேனீப் பெட்டிகளைப் பெரும்பாலும் காலி செய்துவிட்டது. மார்த்தாண்டத்துப் பெரியவர்கள் அந்த வருஷங்களைப் பஞ்சகாலம்போல் பேசுவார்கள். நோயுற்ற புழு அறைக்குள் நீட்டி நிமிர்ந்து, தலைநுனி கூராக மேலே எழும்ப, தோல் நீர் நிறைந்த பைபோல ஆகிச் செத்துக் கிடக்கும். அப்படி ஒரே ஒரு புழு தெரிந்தாலும் அந்தப் பெட்டியிலிருந்து சட்டம் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. பெட்டி அழிந்தாலும் பரவாயில்லை.

பெட்டி வாங்க நினைப்பவர்களுக்கு: ஒன்று வாங்காதீர்கள், இரண்டாக வாங்குங்கள். ஒன்றில் ராணி தவறினால் இன்னொன்றில் புழு இருக்கும். பத்து நாளுக்கு ஒருமுறையாவது நடுச்சட்டத்தைத் தூக்கி முட்டை பாருங்கள். பார்த்த தேதியை மூடியின் உட்பக்கம் சாக்பீஸால் எழுதி வையுங்கள். அக்கம்பக்கத்தில் யாராவது ஈரத்துண்டோடு வந்து புழுவோடு ஒரு சட்டம் கேட்டால், உங்கள் ராணி அதில் இல்லை என்று பார்த்துவிட்டு, நோய் இல்லை என்றும் பார்த்துவிட்டு, கொடுத்தனுப்புங்கள்.